சட்டசபையும் வட்டத்தொட்டியும்: ரசிகமணி டி. கே. சி.யின் பொதுவாழ்வு

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற கட்டுரைகள் பல. கம்பன் கவியைத் தாமும் சுவைத்துப் பிறரையும் சுவைக்கச் செய்தவர், கவிமணியின் பாடல்களைத் தமிழுலகுக்கு அறிமுகம் செய்தவர், குற்றாலத்தில் வீற்றிருந்து வந்தவரையெல்லாம் விருந்தோம்பியவர் என்று அவை அவரைப் போற்றும். 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் அவர் பணியாற்றிய செய்தி மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லி முடிக்கப்படும். ரசிகர் ஒருவர் வழிதவறி அரசாங்கக் கட்டடத்துக்குள் சில ஆண்டுகள் சென்று திரும்பியது போன்ற தோற்றத்தையே அந்த ஒரு வரி தருகிறது.

அவ்வாறு கொள்வது பொருந்தாது. சட்டசபையில் அமர்ந்தவரும், கோயில் நிருவாகத்தைக் கண்காணித்தவரும், சாரல் வீசும் குற்றாலத்தில் கம்பன் பாட்டைப் பாடிக் காட்டியவரும் ஒருவரே. முன்னோர் வைத்துச் சென்ற பொதுச் செல்வத்தை யார் காப்பது, யாருக்காகக் காப்பது, காப்பவருக்குள்ள உரிமையின் எல்லை எது என்னும் வினாக்கள் அவர் வாழ்வின் எல்லாப் பகுதிகளிலும் இழையோடுகின்றன. அறக்கட்டளைப் பணியில் ஈடுபட்டோர் எவருக்கும் இவ்வினாக்கள் புதியன அல்ல. ஆதலால் டி. கே. சி.யின் பொதுவாழ்வை அந்த நோக்கில் ஒருமுறை பார்ப்பது பயனுடையது.

தென்காசியின் பிள்ளை

டி. கே. சி.யின் தந்தையார் தென்காசியைச் சேர்ந்த தீத்தாரப்ப முதலியார், தாயார் மீனம்மாள். தாய்வழி ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் அவர் பிறந்தார். ஆயினும் அவரைத் தென்காசிப் பிள்ளை என்று சொல்வதே வழக்கம்.

தென்காசி என்றவுடன் நினைவுக்கு வருவது காசி விசுவநாதர் திருக்கோயில். 15ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மன்னன் கல்லில் பொறித்து வைத்த தமிழ்ப் பாடல்கள் அங்கு உள்ளன. இக்கோயிலில் பிற்காலத்தில் குறை ஏதேனும் நேருமாயின், அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவர் அடியில் வீழ்ந்து தான் வணங்குவதாக அவற்றுள் ஒன்றில் அவன் கூறுகிறான். முடிசூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறவாத, பெயர் தெரியாத மனிதர் ஒருவரை வணங்குகிறான். எழுப்புவது ஒரு தலைமுறையின் வேலை, காப்பது எல்லாத் தலைமுறைகளின் வேலை என்பதை அவன் அறிந்திருந்தான். பிற்காலத்தில் சிதைந்துபோன அக்கோயிலின் இராசகோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு புதுப்பிக்கப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, மன்னனின் வணக்கம் உரியவரைச் சென்று சேர்ந்தது.

தென்காசிக்கு அணித்தே உள்ளது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அந்நூலுக்காக மதுரை மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. கவிதைக்கு நிலத்தைக் கொடையாக அளித்து, நிலத்துக்குக் கவிதையின் பெயரைச் சூட்டிய வட்டாரம் இது. கோயிலையும் கவிதையையும் ஊர்ப் பொதுவாகக் கருதிய இச்சூழலே டி. கே. சி.யின் வேர்நிலம்.

அவருடைய கல்லூரிப் படிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞர் தொழில் செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே தரவல்லது. டி. கே. சி.யின் நெஞ்சம் அதில் முழுமையாகப் பதியவில்லை. வழக்குக் கட்டுகளைக் காட்டிலும் பாட்டுகளே அவர் மேசையில் மிகுந்தன.

வட்டத்தொட்டி

1920களில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் நண்பர்கள் கூடத் தொடங்கினர். வீட்டினுள் வட்ட வடிவில் அமைந்திருந்த தொட்டிக்கட்டு முற்றமே அவர்கள் அமரும் இடம். அதனால் அக்கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்னும் பெயர் அமைந்தது. வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அலுவலர், மாணவர் எனப் பலரும் அங்கு வந்தனர்.

அங்கு நடந்தது பாடமும் அன்று, சொற்பொழிவும் அன்று. ஒரு பாடல் எடுத்துக்கொள்ளப்படும். டி. கே. சி. அதைப் பொருள் விளங்கும்படி சீர் பிரித்து, உணர்ச்சியோடு வாய்விட்டுச் சொல்வார். ஓர் அடியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்பவரின் செவி அந்த ஓசைக்குப் பழகிய பின்னரே பொருளுக்குச் செல்வார். கவிதைக்கு ஓர் ‘உருவம்’ உண்டு, அது செவியின் வழியாகவே இதயத்தைச் சேரும் என்பது அவர் கொள்கை. அருஞ்சொற்பொருள் அறிந்து, இலக்கணக் குறிப்பு எழுதி, தேர்வில் வெற்றி பெற்றவர்களுக்குங்கூட, தாம் அதுவரை அப்பாடலைக் கேட்டதே இல்லை என்ற உணர்வு அங்கே பிறந்தது.

புலவரின் உடைமையாக ஒதுங்கிக் கிடந்த பழந்தமிழ்ப் பாடல்களை அவர் ஊர்ப்பொதுவாக்கினார். தமிழ் இலக்கியத்தை முறையாகப் பயிலாதவர் வட்டத்தொட்டியில் தாழ்ந்தவராகக் கருதப்படவில்லை. தமிழ் பேசத் தெரிந்த எவருக்கும் கம்பன்மேல் உரிமை உண்டு என்பதே அங்கு நிலவிய எண்ணம்.

சட்டசபை உறுப்பினர்

இத்தகைய மனிதர் 1927இல் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். அந்த அவையின் இயல்பை இன்றைய சட்டமன்றத்தைக் கொண்டு அளவிடுதல் கூடாது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி அமைந்த அது ஓர் அவையே உடையது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 98 பேர். நியமனம் பெற்றோர் 29 பேர். ஆளுநரின் நிருவாகக் குழுவினரும் அதில் இடம்பெற்றனர். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை. ஆட்சித் துறைகள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நிதி, நிலவரி, காவல் முதலியவை ஆளுநரின் பிடியில் இருந்தன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, சமய அறநிலையங்கள் முதலியவை அவைக்குப் பொறுப்புடைய அமைச்சர்களிடம் விடப்பட்டன. இம்முறையே இரட்டையாட்சி எனப்பட்டது.

1926ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலுக்குப்பின், குமாரமங்கலம் சமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் எக்கட்சியையும் சாராமல் முதலமைச்சரானார். அந்த அவையிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக இடம்பெற்றுத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சைமன் குழுவின் வருகையை ஒட்டி எழுந்த கொந்தளிப்பு 1928இல் அமைச்சரவையையே குலைத்ததும், அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீடு நடைமுறைக்கு வந்ததும் அக்காலத்தில்தான். டி. கே. சி. அமர்ந்திருந்த அவை வெறும் அலங்கார அவையாக இருக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

அந்த அவையில் ஒரு விதி இருந்தது. நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். ஆங்கிலத்தில் போதிய பழக்கமில்லாத உறுப்பினர் மட்டும் தம் தாய்மொழியில் பேசலாம். தாய்மொழியில் பேசுவது உரிமையாக அன்றி, இயலாதவர்க்கு அளிக்கப்பட்ட சலுகையாகவே இருந்தது. ஆங்கிலம் நன்கு அறிந்த டி. கே. சி. போன்றோர்க்கு அச்சலுகையும் இல்லை. சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடியரும் எந்தச் சட்டத்தால் ஆளப்பட்டார்களோ, அச்சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் புரியாத மொழியில் விவாதிக்கப்பட்டது.

மொழியை இதயத்தின் ஒலியாகக் கருதியவர் மூன்று ஆண்டுகள் அந்த அவையில் அமர்ந்திருந்தார். தாய்மொழியின் வழியே கல்வி நடைபெற வேண்டும், தாய்மொழியில் சிந்தியாத கல்வி மனத்தில் ஒட்டாது என்று பிற்காலத்தில் அவர் ஓயாது வற்புறுத்தியதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு வற்புறுத்தியவர் ஆங்கிலம் அறியாதவரல்லர். ஆங்கில இலக்கியத்தைக் கற்று, ஆங்கிலத்தில் நடைபெற்ற அவையை உள்ளிருந்து பார்த்தவர். தமிழுக்காக அவர் வாதிட்டது அந்தத் தகுதியோடுதான்.

அக்காலத்தில் பிற மொழிகளிலும் இத்தகைய மனிதர் இருந்தனர். கன்னட அறிஞர் டி. வி. குண்டப்பா 1926 முதல் பல்லாண்டுகள் மைசூர்ச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். பின்னர்ப் பெங்களூரில் பொதுவாழ்வுக் கல்விக்கென்றே கோகலே நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சட்டம் இயற்றினால் மட்டும் குடிமக்கள் உருவாகிவிடார், அவர்களுடைய மனத்தைப் பண்படுத்தும் இடம் வேறாக வேண்டும் என்பதை அவரும் உணர்ந்திருந்தார். குண்டப்பா நிறுவனம் அமைத்தார், டி. கே. சி. தம் வீட்டு முற்றத்தையே நிறுவனமாக்கினார்.

அறநிலைய ஆணையர்

சட்டசபைக் காலம் முடிந்த 1930ஆம் ஆண்டில் டி. கே. சி. இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பொறுப்பேற்றார். அவ்வாரியம் பிறந்த வரலாறு சுவையானது.

1817ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில்களின் மேற்பார்வையைக் கும்பினியார் ஏற்றனர். பிற சமயத்துக் கோயில்களை நிருவகிப்பது கிறித்துவ அரசுக்குத் தகாது என்னும் கூக்குரல் இங்கிலாந்தில் எழவே, அப்பொறுப்பை விட்டு விலகினர். 1863ஆம் ஆண்டின் சட்டம் அவ்விலகலை உறுதி செய்தது. பின்னர்ப் பல கோயில்களின் சொத்துக்கள் கேட்பாரற்றுப் போயின. குத்தகை வராத நிலங்களும், கணக்குக் காட்டாத தர்மகர்த்தாக்களும், முடிவில்லாத வழக்குகளும் பெருகின. இந்நிலையை மாற்றப் பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி சட்டம் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறிய அச்சட்டம் 1925இல் நடைமுறைக்கு வந்தது. அது செல்லுமா என்ற ஐயம் எழுந்தமையால், 1927ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக மீண்டும் இயற்றப்பெற்றது. அதன்கீழ் தலைவரையும் ஆணையர்களையும் கொண்ட வாரியம் இயங்கியது.

அச்சட்டத்தின் ஒரு திருத்தம் டி. கே. சி. உறுப்பினராக இருந்த அவையில் நிறைவேறியது. கோயிற் பணிக்கென மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசிப் பெண்களை, நிலத்தை இழக்காமலே அப்பணியிலிருந்து விடுவித்த 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்தது. கொடையளித்தவர் வகுத்த நோக்கத்தைக் காப்பது ஒருபுறம், அந்நோக்கம் மனிதரைச் சிறைப்படுத்தும்போது அதை விடுவிப்பது மறுபுறம் என்னும் கடினமான சமநிலையை அந்த அவை கையாள நேர்ந்தது. அதே துறையின் நிருவாகத்துக்கு டி. கே. சி. அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தார்.

வாரியத்தின் அன்றாடப் பணியில் கவிதைக்கு இடமில்லை. தர்மகர்த்தாக்களிடம் வரவு செலவுக் கணக்கைக் கேட்பது, தணிக்கை செய்விப்பது, நிருவாகம் சீர்கெட்ட கோயில்களுக்குத் திட்டம் வகுப்பது, முறைகேடு கண்டவிடத்து விசாரிப்பது ஆகியவையே அதன் வேலை. அடிப்படை விதி ஒன்று உண்டு. தர்மகர்த்தா சொத்தின் உரிமையாளர் அல்லர். கொடையாளர் எந்த நோக்கத்துக்காக அளித்தாரோ அந்நோக்கத்துக்கே அது செலவாதல் வேண்டும். செலவு போக எஞ்சிய பணத்தை வேறு அறத்துக்குத் திருப்பவும் சட்டம் வகுத்த முறையைப் பின்பற்ற வேண்டும். தர்மகர்த்தா தம் விருப்பப்படி திருப்ப இயலாது. பூட்டி வைத்துப் பயன்படாமல் செய்வதும் தவறு, நல்லெண்ணத்தால் ஆயினும் தம் மனம்போல் மாற்றுவதும் தவறு. ஐந்து ஆண்டுகள் டி. கே. சி. இந்த விதியோடு வாழ்ந்தார்.

குற்றாலம்

1935இல் ஆணையர் பணி முடிந்தபின் அவர் குற்றாலத்தையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். வண்ணார்பேட்டையில் தோன்றிய வட்டத்தொட்டி இப்போது திரிகூடமலையின் அடிவாரத்துக்கு வந்தது. ஆனி ஆடி மாதங்களில் சாரல் தொடங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கியதும் ரசிகமணி இல்லத்துக்கு விருந்தினர் வரத் தொடங்குவர். அருவியில் நீராடல், வயிறார உணவு, பின்னர் மணிக்கணக்கில் கவிதை. அங்கு பிச்சம்மாள் அம்மையார் முன்னின்று நடத்திய விருந்தோம்பல் தனிப் புகழ் பெற்றது.

இராஜாஜி அங்கு வந்தார், கல்கி வந்தார். இவ்விருவர் நட்பும் டி. கே. சி.யின் இறுதிநாள் வரை நீடித்தது. கல்கி இதழில் டி. கே. சி. தொடர்ந்து எழுதிய கம்பன் கட்டுரைகள் தமிழ்நாடெங்கும் சென்றன. முற்றத்தில் இருபது பேர் கேட்ட குரலைப் பல்லாயிரம் குடும்பங்கள் படிக்கும் நிலை வந்தது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் திருநாளில் முதலாண்டிலிருந்தே டி. கே. சி.யின் பங்கு இருந்தது. கணேசனும் பிற்காலத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு இசை மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற அண்ணாமலை செட்டியாரின் முயற்சிக்கு டி. கே. சி.யும் கல்கியும் உறுதுணை ஆயினர். சட்டசபையில் மொழி எந்த நிலையில் இருந்ததோ, ஏறத்தாழ அதே நிலையிலேயே இசை அரங்கிலும் இருந்தது. பாடுபவர் தமிழர், கேட்பவர் தமிழர். பாடலோ பெரும்பாலோர்க்கு விளங்காத மொழியில். பாடலின் பொருள் கேட்பவர் இதயத்தைத் தொட வேண்டும் என்பதே டி. கே. சி. முன்வைத்த வாதம், பிறமொழிப் பாடல்களின்மீது வெறுப்பு அதில் இல்லை.

குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அவ்வரசின் குடிமகனே. அரசியல் எல்லைக்கு அப்பால் இருந்த அக்கவிஞரின் பாடல்களைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றவர்களுள் முதல்வர் டி. கே. சி. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாளில் தமிழ்நாட்டோடு இணைந்தது. கவிமணியின் பாட்டு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இணைந்துவிட்டது.

இன்பம் மட்டுமே நிறைந்த வாழ்வு அன்று அது. தம் மகனை இளமையிலேயே இழந்த பெருந்துயரம் டி. கே. சி.யைச் சேர்ந்தது. அத்துயரத்தின் பின்னும் அவர் இல்லத்தின் கதவு அடைக்கப்படவில்லை, பாட்டும் நிற்கவில்லை. கவிதை வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் அந்த அடியை அது தாங்கியிராது.

தொட்டியில் வளர்ந்தவர்கள்

வட்டத்தொட்டியின் பயனை அங்கு பழகியவர்களின் பிற்கால வாழ்வில் காணலாம். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் உயர்ந்து மாவட்ட ஆட்சித் தலைவராக விளங்கியவர். தஞ்சை மாவட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் திரட்டி, 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமாக இருந்தவர் அவரே. ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்னும் அவருடைய கோயிற் கட்டுரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. எஸ். மகராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். கோயில் அர்ச்சகர் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்து 1982இல் அறிக்கை அளித்தார். இடைசெவலிலிருந்து வந்த இளைஞர்களாகிய கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ரசிகமணியிடம் பழகியவர்கள். இருவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற படைப்பாளிகள்.

ஆட்சியர், நீதிபதி, எழுத்தாளர் என வெவ்வேறு துறைகளில் சென்ற இவர்களிடம் பொதுவான பண்பு ஒன்று காணப்படுகிறது. பழஞ்செல்வத்தை எடுத்து மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்னும் ஆர்வமே அது. சட்டசபையில் மூன்று ஆண்டுகளும் வாரியத்தில் ஐந்து ஆண்டுகளும் இருந்தவர், தம் வீட்டில் பயிற்றுவித்த மனிதர்களின் வழியாகப் பொதுவாழ்வில் மேலும் அரை நூற்றாண்டு பங்கு பெற்றார்.

திருத்திய கை

டி. கே. சி.யைப் போற்றுவோர் சொல்லத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. அதையும் கூறினால்தான் அவர் வரலாறு நிறைவு பெறும்.

கம்பராமாயணத்தில் இன்று வழங்கும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி இடைச்செருகல் என்று அவர் உறுதியாக நம்பினார். செருகு கவிகள் இருப்பது உண்மையே. ‘வெள்ளி பாடல்கள்’ என்று அவற்றைச் சுட்டும் வழக்கும் பழையது. ஆனால் எது கம்பன் வாக்கு, எது பிறர் வாக்கு என்பதற்கு டி. கே. சி. கொண்ட அளவுகோல் சுவடி அன்று, தம் செவி. ஓசை கெட்ட இடத்தில் சொல்லை மாற்றினார். உணர்ச்சி தடைபட்ட இடத்தில் பாடலையே நீக்கினார். வரிசையையும் மாற்றினார். அவ்வாறு அமைந்த பதிப்பே ‘கம்பர் தரும் ராமாயணம்’. புலவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பைப் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

உ. வே. சாமிநாதையரின் வழி வேறு. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியபோது, அந்நூல் அவருக்கு எட்டாததாகவே இருந்தது. அதில் வரும் சமயக் கருத்துக்களைத் தாமே ஊகித்து எழுதிவிட அவர் துணியவில்லை. கும்பகோணத்துச் சைன அன்பர்களைத் தேடிச் சென்று, அவர்கள் இல்லங்களில் அமர்ந்து பாடம் கேட்டார். பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. விளங்காத இடத்தில் பிழை தம்முடையதாக இருக்கலாம் என்று கருதிய அடக்கமே அப்பதிப்பின் வலிமை. நெல்லை மண்ணின் மற்றொரு வழக்கறிஞராகிய எஸ். வையாபுரிப் பிள்ளையும், தொழிலைத் துறந்து தமிழுக்கு வந்தபின், சுவடி காட்டும் சான்றின்றி ஒரு சொல்லையும் ஏற்காதவர்.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1732இல் இங்கிலாந்தின் பேரறிஞர் ரிச்சர்டு பென்ட்லி, மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ என்னும் காவியத்தில் பிறர் கைபட்டுப் பிழைகள் புகுந்துவிட்டன என்று கூறித் தாமே திருத்தங்கள் செய்தார். உலகம் நகைத்தது. ஆயினும் பென்ட்லி ஒன்றைச் செய்திருந்தார். மூல பாடத்தை அப்படியே அச்சிட்டு, தம் திருத்தங்களைப் பக்கத்தின் ஓரத்தில் இட்டார். படிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்ய இடமிருந்தது.

அறநிலைய ஆணையராக டி. கே. சி. காத்த விதியைக் கொண்டே இதை அளந்து பார்க்கலாம். கொடையைப் பூட்டி வைத்தல் கூடாது என்ற விதியின் முற்பகுதியை அவரைப்போல் நிறைவேற்றியவர் தமிழில் அரியர். கொடையைத் தம் விருப்பப்படி மாற்றுதல் கூடாது என்ற பிற்பகுதியை, கம்பன் திறத்தில், அவர் கடைப்பிடிக்கவில்லை. ஒரு கோயிலின் தர்மகர்த்தா, சிற்பம் தமக்கு அழகாகப்படவில்லை என்று அதைச் செதுக்கித் திருத்தியிருந்தால் வாரியம் பொறுத்திராது. கம்பன் கோயிலில் அவரே அதைச் செய்தார். அளவற்ற அன்பு தன்னை உரிமையாளனாக எண்ணிக்கொள்ளும் இடம் இது.

எனினும் ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பின்னாளில் சுவடிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளோடு கம்பராமாயணத்தைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. மூலம் காக்கப்பட்டது. அம்மூலத்தை நாடிச் செல்லும் வேட்கையைப் பொதுமக்களிடம் எழுப்பியதில் ரசிகமணிக்குப் பெரும்பங்கு உண்டு. முத்தொள்ளாயிரத்தின் கதையும் இத்தகையதே. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வழியாகத் தப்பிய நூற்றுச் சொச்சம் பாடல்களே எஞ்சின. அவற்றைச் சுவடியிலிருந்து மீட்டவர்கள் பதிப்பாசிரியர்கள். வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தவர் டி. கே. சி. காக்கும் கையும் வழங்கும் கையும் இரண்டும் இருந்தால்தான் செல்வம் நிலைக்கும்.

நிறைவு

1954 பிப்ரவரி 16ஆம் நாள் ரசிகமணி மறைந்தார். அவர் நண்பர் இராஜாஜி அப்போது சென்னை மாகாண முதலமைச்சர். கவிமணி அதே ஆண்டு செப்டம்பரிலும், கல்கி டிசம்பரிலும் அவரைப் பின்தொடர்ந்தனர். ஓராண்டுக்குள் ஒரு காலமே முடிந்தது போலாயிற்று.

1956ஆம் ஆண்டின் இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆங்கிலம் அறியாதவர்க்கு மட்டும் சலுகையாகத் தாய்மொழியை அனுமதித்த அவையின் வழிவந்த மன்றம், அத்தாய்மொழியையே அரசின் மொழியாக அறிவித்தது. அதைக் காண டி. கே. சி. இல்லை. சட்டம் எழுதுவதற்குள் அம்மொழியின்மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை வளர்த்தவர்களுள் வண்ணார்பேட்டை முற்றத்திலும் குற்றாலத்து இல்லத்திலும் அமர்ந்து பாடிய முன்னாள் சட்டசபை உறுப்பினரும் ஒருவர்.

2019 நவம்பர் முதல் தென்காசி தனி மாவட்டமாகத் திகழ்கிறது. ஆண்டுதோறும் சாரல் காலத்தில் பல்லாயிரம் மக்கள் குற்றாலத்துக்கு வருகின்றனர். நீராடித் திரும்பும் வழியில் தென்காசிக் கோபுரத்தையும் காண்கின்றனர். அங்கே கல்லில் நின்று பராக்கிரம பாண்டியன் இன்றும் வணங்கிக்கொண்டே இருக்கிறான். கோயிலைப் பழுதுபார்ப்பவருக்கும், அறக்கட்டளையின் கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பவருக்கும், ஏட்டில் உள்ள பாடலை ஓர் எழுத்தும் மாற்றாமல் பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பவருக்கும் அவ்வணக்கத்தில் பங்கு உண்டு.